குடை மறைத்த படம்

சளக். அந்தச் சத்தம் காதில் விழுந்ததிலிருந்து கையிலிருந்த காபி ஆறிப்போகும்வரை நான் வீட்டில் இல்லை. மகள் எங்கிருந்தோ ஒரு பழைய பிலிம் கேமராவை வாங்கி வந்திருந்தாள். இப்போது அதுதான் மோஸ்தராம். அந்த ஒற்றைச் சொடுக்கில் அத்தை வந்து நின்றாள், ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது அவளை மெட்ராஸில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கேமரா மட்டும் சொந்தமாக வேண்டும். அப்பா மறுக்கவில்லை. தறியில் உட்கார்ந்தபடி சிரித்தார், அதுதான் மோசம்.

"கருடசேவைல பெருமாளைத் தெளிவா ஒரு படம் புடிச்சிக்கினு வா. அப்பறம் பேசலாம்."

பழைய சாமான் கடை பாய் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று தோலுறையோடு பளபளத்தது; நான் அதைத்தான் தொட்டேன். அத்தை அதன் லென்ஸை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சை. இன்னொன்று பெயின்ட் உதிர்ந்த கிழம். அதைக் காதோடு வைத்து ஷட்டரைத் தட்டிக் கேட்டாள், வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்டாள், வளையத்தைத் திருப்பினாள், மறுபடி கேட்டாள்.

"பொண்ணு பாக்க வர்றவன்கூட இவ்ளோ பாக்க மாட்டாம்மா," என்றார் பாய்.

"அதான் பாய், நானாவது பாக்கறேன்."

கிழம் வீட்டுக்கு வந்தது. கண் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம். தூரம் சரியில்லையென்றால் அதற்குள் எல்லாம் இரண்டாக வெட்டுப்படும். எனக்கும் காட்டினாள். அப்பாவின் மீசை பாதி இங்கே, பாதி அங்கே. லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்ப, மீசை ஒட்டிக்கொண்டது. உலகத்தில் எதையும் இப்படி ஒட்டிவிடலாம் போலிருந்தது எனக்கு.

வைகாசி விடியல், கோபுர வாசல், காலுக்குள் கால் நுழையும் கூட்டம். கருடன்மேல் பெருமாள் வந்து நிற்கப்போகும் இடத்துக்கு அத்தை முன்பே வளையத்தைத் திருப்பி வைத்திருந்தாள். பழகிப் பழகியே பிலிம் தீர்ந்து, ஒரே ஒரு படம் மிச்சம். அந்த இடத்தில் நிற்கும்போதுதான், சோளிங்கரில் வர முடியாமல் கிடந்த பழங்காலத்து பக்தர் ஒருவருக்குக் காட்சி தரப் பெருமாள் ஒரு கணம் போய் வருவார். அந்தக் கணம் இங்கே சாமியைக் குடையால் மறைப்பார்கள். ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும். வட்டத்துக்குள் கருடனின் மூக்கு ஒட்ட, ஒட்ட, அவளுக்கு ஊரே மறந்துவிட்டது. அழுத்தினாள்.

கழுவி வந்த படம் முழுக்கக் குடை. குஞ்சலம் இழை இழையாகத் தெரிந்தது. கீழே, தூக்கிய கைகளும் காத்திருக்கும் முகங்களும். அழுது வீங்கிய கண்ணோடு அத்தை அதை நீட்டினாள்.

அப்பா தறியை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார். "குடை நல்லாத்தான் இருக்குது. பெருமாள் எங்கம்மா?"

"அந்த நேரத்துல அவரு சோளிங்கர்ல இருந்தாருண்ணா."

அப்பா சிரித்தார். இது வேறு சிரிப்பு, தறிமேடையே குலுங்கியது. "அவரே வெளியூர் போயிட்டு வராரு. நீ போனா இன்னா?"

பஸ் ஸ்டாண்டுக்கு மூவரும் போனோம். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி உறுமியதும் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டு, இவருக்கு உள்ளுக்குள் அத்தைமேல் கோபம் என்றே அந்த வயதில் நான் நினைத்தேன்.

"திரும்பி வரணும்னு அவசரப்படாதம்மா."