ஆரணியோடு கூடப் பாடியவள்

இது கட்டிவிட்ட கதை அல்ல. நம்பாவிட்டால் நல்லூருக்குப் போய் மயூரதனைக் கேளுங்கள். அவனுடைய தங்கைக்கு நடந்தது இது.

தங்கையின் பெயர் ஆரணி. தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டார் வாசித்துப் பாடுகிறவள். சனிக்கிழமை பின்னேரங்களில் நல்லூரில் ஒரு தேநீர்க்கடை முற்றத்தில் பாடுவாள். ஆர்ப்பாட்டமான பாட்டல்ல. வேலை விட்டு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, பால் விடாத பிளேன்ரீயோடு சாய்ந்திருந்து கேட்கிற பாட்டு. மைக், ஸ்பீக்கர் எல்லாம் மயூரதன் பொறுப்பு.

ஒரு சனிக்கிழமை, பாட்டுப் பதிவு செய்கிற ஒருவர் கொழும்பிலிருந்து அவள் பாட்டைக் கேட்க வருவதாக இருந்தது. புதுப்பாட்டு ஒன்று வேண்டும். முதல் அடிகள் மட்டும் வந்திருந்தன.

'வேலை முடிஞ்சு வந்தவளே,
விளக்கைக் கொஞ்சம் தணிச்சு வை...'

அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டைச் சுற்றி ரியூசன் வகுப்புப் பிள்ளைகளின் இரைச்சல் வேறு. அதனால் தொண்டைமானாறு என்ற ஊரில், நீரேரிக் கரையோரம் ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பூரணம் வாசல் கதவுத் திறப்பைக் கொடுத்தாள்.

முதல் நாள் பின்னேரம். வெயில் இன்னும் தண்ணீரில் கிடந்தது. ஆரணி கூடத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்து பாடத் தொடங்கினாள்.

உள்ளறையில் யாரோ கூடப் பாடினார்கள்.

நிறுத்தினாள். அந்தக் குரலும் நின்றது. ஆனால்... ஒரு சொல் பிந்தி.

வெறும் வீடு, எதிரொலிதான் என்று நினைத்தாள். என்றாலும் எழுந்துபோய்ப் பார்த்தாள். அறைக்குள் ஒரு கட்டில்கூட இல்லை. சீமெந்து நிலம். பூட்டிய ஜன்னல்.

திரும்பி வந்து, இந்த முறை வாய் திறக்காமல் கிட்டாரை மட்டும் வாசித்தாள். டிங்... டிங்...

குரல் தனியாகப் பாடியது.

'களைச்சுப் போனாய் கண்மணியே,
இஞ்சை கொஞ்சம் இறக்கி வை...'

மெல்லிய பெண்குரல். ஆரணி எழுதாத அடிகள். அவள் நாள்கணக்காய்த் தேடிக்கொண்டிருந்த அடிகள்.

அப்போதே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவளுக்குப் பாட்டு வேண்டியிருந்தது.

மறுபடி வாசித்தாள்.

குரல் அறைவாசலுக்கு வந்தது.

மறுபடி...

கதிரைக்குப் பின்னால்.

விரல் வழுக்கிச் சுருதி பிசகியது.

அவள் விரலின் மேல் இன்னொரு விரல் படிந்தது. குளிர்ந்து... ஈரமாக... கம்பியைச் சரியாக அழுத்தியது.

கிட்டாரை நெஞ்சோடு பிடித்தபடியே வெளியில் ஓடினாள். வேலியோரம் பூரணம் நின்றாள்.

"என்ன பிள்ளை, அதுக்குள்ளை முடிச்சிட்டீரே? உம்மோடை பாடின மற்றப் பிள்ளை ஆர்? நல்ல குரல்."

ஆரணி கதவை இழுத்துப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு நடந்தாள். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை அந்த அடிகளையும் சேர்த்துப் பாடினாள். முற்றம் அசையவில்லை. தேநீர் ஆறிப்போனது. கொழும்பு ஆள் கண்ணை மூடியபடி இருந்தார். கடைசி அடியில் அவள் குரல் நூலாக மெலிந்தது. மயூரதன் மைக்கின் ஒலியைக் கூட்டிவிட்டான்.

கைதட்டல் ஓயமுன்னமே ஒரு பெண் முன்னால் வந்தாள். பத்மாசினி என்று பெயர் சொன்னாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"கடைசி ரெண்டு அடியும் என்ரை தங்கச்சி சுவர்ணாவின்ரை. தொண்டைமானாத்திலை ஒரு வீட்டிலை இருந்து எழுதினவள். உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது?"

ஆரணி கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள். மயூரதன்தான் சமாளித்தான்.

"அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா. கதைப்பம்."

"கூட்டிக்கொண்டு வரலாம் தம்பி. கதைக்கமாட்டாள். அந்தப் பாட்டை ஒருக்காத்தான் பாடினவள். அண்டைக்குப் போன குரல்... இன்னும் வரேல்லை. தொண்டையிலை ஒரு பிழையுமில்லை எண்டுதான் டொக்டர்மார் சொல்லினம்."

ஆரணி ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

மறுநாள் பின்னேரம், திறப்பைத் திருப்பிக் கொடுக்க மயூரதன் போனான். ஆரணியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டான். வீடு பூட்டியபடியே இருந்தது. சன்னிதி கோயிலில் மணி அடித்து ஓய்ந்தது.

பிறகு, உள்ளே பாட்டுத் தொடங்கியது.

இரண்டு பெண்கள். ஒன்று அவன் அறியாத குரல்.

மற்றது ஆரணியின் குரல்.

திரும்பிப் பார்த்தான். ஆரணி அவன் பக்கத்தில்தான் இருந்தாள்... வாயை இரண்டு கைகளாலும் பொத்தியபடி.