இரண்டாவது நடை

அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் வயர்லெஸ் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி அழகாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா அரும்பாவூரில் பிறந்தார். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்தார். அரியலூர் டெலிபோன் ஆபீஸில் வேலை கிடைத்தது, அந்த ஊரிலேயே மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். புயல் மழையில் போனெல்லாம் செத்துவிடுவதைப் பார்த்துப் பார்த்து, பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசுகிற ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினார். மொட்டை மாடியில் ஆன்டெனா ஏறியதும் எதிர்வீட்டம்மா சண்டைக்கு வந்துவிட்டார்.

"உங்க கம்பியாலதான் எங்க டிவி புள்ளி புள்ளியா தெரியுது."

அக்கா அவருக்கு டீ கொடுத்து உட்கார வைத்து, ரேடியோவை அணைத்துக் காட்டினார். அப்போதும் டிவி புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது.

பிறகு அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் ஆள் தேடினார். பெரம்பலூர் மெக்கானிக், வாலிகண்டபுரத்து வாத்தியார், எறையூர் ஆலைக்காரர் என்று சேர்ந்தார்கள். என்னையும் இழுத்துவிட்டார். ஞாயிறு காலையில் கறிக்கடைக்குப் போகிற நேரம் பார்த்துப் பயிற்சி வைப்பார். பேரையோ உறவு முறையையோ சொல்லக் கூடாது, உரிமத்தோடு அவரவருக்குக் கொடுத்த அழைப்புக் குறிதான். உயிர்ச் சேதி முதலில், சொந்த வீட்டுச் சேதி கடைசியில். "இந்தம்மா கலெக்டர் மாதிரி பண்ணுது" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் வருவோம்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது நான் வேலை பார்த்த கரையோரத்து ஊர் துண்டாகிவிட்டது. அப்பா என்னோடுதான் இருந்தார். அவருக்கு இழுப்பு உண்டு, மருந்து தண்ணீரோடு போய்விட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, அதையும் ரேடியோவில் சொல்லியிருந்தேன். அரியலூரில் ரேடியோ முன்னால் அக்கா. அனுப்ப ஒரே சின்னப் படகுதான் இருந்தது, நடைக்கு ஒரு நோயாளியைத்தான் ஏற்ற முடியும்.

"அக்கா, அப்பாவுக்கு மூச்சு வாங்குதுக்கா, சீக்கிரம் அனுப்புக்கா" என்று கத்தினேன்.

"உங்க அழைப்புக் குறியைச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு எரிந்தது. அங்கே அக்கா பக்கத்தில் நின்ற அதிகாரி, "உங்க அப்பாவாம்மா? அவரையே முதல்ல ஏத்திடலாம்" என்றாராம். "இல்லைங்க சார், பிரசவம் முதல்ல" என்றாராம் அக்கா. கூட இருந்த மெக்கானிக் பின்னால் சொன்னது இது. என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நோயாளியைச் சாய்ச்சு உக்கார வைங்க. படகு இரண்டாவது நடையில வரும்."

அது வந்து சேர்வதற்குள் அப்பாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. எப்படியோ பிழைத்தார். "எம் மவ சரியாத்தான் பண்ணா, நீ ஏன்டா குதிக்கிற?" என்று என்னைத்தான் திட்டினார். அடுத்த பொங்கல் வரைக்கும் நான் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா பிறகும் சில வருஷம் இருந்து, தூக்கத்திலேயே போனார்.

அக்காவின் கடைசி நாட்களில் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த வயர்லெஸ் நண்பர்களுக்கும், பக்கத்தை விட்டு நகராத மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அங்கேதான் ஒருநாள் அக்கா கேட்டார்: "அன்னிக்கு அப்பா போயிருந்தா, என்னை மன்னிச்சிருப்பியாடா?"

ஜூஸ் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அக்கா மறுபடி கேட்கவில்லை.

இத்தனை பேர் படிக்கிற இடத்தில் சொல்கிறேன். மன்னித்திருக்க மாட்டேன் அக்கா. அப்போதும் நீங்கள் செய்ததுதான் சரி.