லோரி மூடியும் ஒரு மலாய்ச் சொல்லும்

இந்த நாட்டில் எது வேண்டுமானாலும் செத்துப்போகும். கடிகாரம் நின்றால் ‘மாத்தி’ என்பார்கள். விளக்கு அணைந்தால் மாத்தி, லோரி எஞ்சின் நின்றால் மாத்தி. மலாயில் மாத்தி என்றால் சாவு. கப்பலிலிருந்து இறங்கிய புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைக் காட்டி அப்படிச் சொல்ல, யாரோ போய்விட்டார் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். செத்தது கடிகாரம். பிறகு பழகிவிட்டது. ஓடுவது நின்றால் மாத்தி, அவ்வளவுதான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அது தப்பு என்று தெரிந்த அன்றைக்குப் பாதி உயிர் போயிருந்தது.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு முந்தைய வருஷம் அது. நான் மலாக்காவில் காஜா பேராங்கில் குடியிருந்தேன், டவுனில் ஒரு ராவுத்தர் மளிகைக் கடைக்கு லோரி ஓட்டினேன். சின்ன லோரி, பின்னால் மேற்பக்கம் திறந்திருக்கும். இப்போது பிக்கப் என்கிறார்கள். புக்கிட் காதில் என்ற ஊரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை அரிசி கொண்டுபோக வேண்டும். அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று ஒரே கெடுபிடி. அரிசி லோரிக்குக் கெட்டியான மூடி போட்டுப் பூட்ட வேண்டும், சாவி ஒன்று கடையில், ஒன்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம், டிரைவர் கையில் கூடாது என்றார்கள். ராவுத்தர்தான் சர்க்கார் தாளைப் படித்துச் சொன்னார். எனக்கு அப்போது எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. ஆனாலும் அதன் அர்த்தம் அவரைவிட எனக்கு நன்றாக விளங்கியது. மூடி இல்லாத லோரியை மறித்தால் ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கலாம். பூட்டிய லோரியை மறித்தால், சாவி என்னிடம் இல்லை என்று எப்படி நம்பவைப்பது? அறந்தாங்கிப் பக்கம் நெல் வண்டிக்கு மேலே வைக்கோல்தான் போடுவோம். அங்கே திருடன் வந்தாலும் தமிழில் பேசலாம்.

மூடி செய்ய எங்கள் தெருக்கோடியில் இருந்த ஆசாரியிடம் போனேன். பேர் நல்லையா, நெற்றி நிறையத் திருநீறு. “அண்ணே, நீங்க நம்ம சனம், ஏதோ பாத்துச் செஞ்சு குடுங்க” என்று ஆரம்பித்து, என் பயம் முழுவதையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமிழ் தெரியாது என்று மலாயில் சொன்னார். அவர் மலாக்காச் செட்டி. அவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்தவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய். அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரியும்.

பலகை அறுத்து, மேலே தகரம் அடித்து, மூடியை இரண்டு பாதியாகச் செய்தார். பின் பாதிக்குக் கீலும் பூட்டும். முன் பாதியைத் தட்டி என் முகத்தைப் பார்த்தார். “சினி, மாத்தி கா, புக்கா?” சினி என்றால் இங்கே, புக்கா என்றால் திறப்பது. பலகை ஓடுவதில்லை, அது எப்படிச் சாகும்? அப்படியானால் என்னைத்தான் கேட்கிறார்: சாகப்போகிறாயா, திறந்து கொடுக்கப்போகிறாயா? ஒரு வாரமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

“புக்கா. சாயா தா மாவ் மாத்தி” என்றேன். நான் சாக விரும்பவில்லை.

அவர் தலையாட்டிவிட்டு முன் பாதிக்கும் கீல் வைத்து ஒரு கொக்கி போட்டார். பூட்டு இல்லை. என்மேல் இரங்கி ஒரு வழி விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். ராவுத்தரிடம் மூச்சு விடவில்லை.

முதல் பயணத்திலேயே, புக்கிட் காதில் தாண்டிய தடுப்பில், மலாய்ப் போலீஸ்காரர் கொக்கியைத் தள்ளினார். பலகை எழும்பியது. உள்ளே அரிசி மூட்டை. துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. இந்தப் பக்கம் ஏன் மாத்தி இல்லை, யார் சொல்லிச் செய்தது என்று மலாயில் கத்தினார். எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் வந்தது. “சாயா, துவான். சாயா தா மாவ் மாத்தி.” நான்தான் ஐயா, எனக்குச் சாக விருப்பமில்லை.

பலகையை அசைக்க முடியாமல் இறுக்கி அடிப்பதற்கும் மாத்தி என்றுதான் பேராம், பிறகு சொன்னார்கள். இறுக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று நானே ஒத்துக்கொண்டிருக்கிறேன். வெயிலில் குத்துக்காலிட்டு உட்காரவைத்தார்கள். காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தால் தூக்கு என்று பேசிக்கொள்வார்கள். கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தகவல் போய், ராவுத்தர் நல்லையாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்லையா நடந்ததை விளக்கிச் சொல்ல, போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ராவுத்தருக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏம்பா காத்தமுத்து, வெளங்காத பாசையில எதுக்குய்யா ஒத்துக்கிட்ட?”

“சாக வேணாம்னுதான் மொதலாளி சொன்னேன்.”

“அத என்கிட்ட தமிழ்ல சொல்லியிருக்கலாமுல்ல.”

நல்லையா அங்கேயே கொக்கியைப் பிடுங்கிவிட்டுப் பத்து ஆணி அறைந்தார். போலீஸ்காரர் பலகையை உலுக்கிப் பார்த்து, “சுடா மாத்தி” என்றார். செத்தாகிவிட்டது. போகச் சொன்னார்.

மீதி ஐந்து மைல் இரண்டு பக்கமும் ரப்பர் மரம். வாய் மாரியம்மனைத் தமிழில் கூப்பிட்டது. மனசு, சாவி இல்லை என்பதை மலாயில் உருப்போட்டது. ஒருவரும் மறிக்கவில்லை.

தோட்டத்துக் கிராணி ஊரிலிருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகாதவர். பூட்டைத் திறந்துகொண்டே, “என்னய்யா இப்படி வேர்த்திருக்கு, வழியில ஏதாச்சும் ஆச்சா?” என்றார்.

“தா அப்பா அப்பா” என்றேன்.

“இந்த வயசுலயா அப்பாவக் கூப்புடுற?”

மலாயில் அதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம், அதைத்தான் சொன்னேன் என்று அவரிடம் சாதித்தேன். அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் என் அப்பா உயிரோடிருந்தார். எந்த மொழியில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.