வேலி எடுக்கிற வேலை

என் வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கிறார்னு யாராவது கேட்டா எனக்கு அலுப்பா வரும். பார்சல் கொடுக்கிறவங்க கையில ஸ்கேன் பண்ணிக் கையெழுத்து வாங்குற மெஷின் இருக்குமே, அதோட பாகங்களை இயக்குற, 'டிரைவர்'ங்கிற சாஃப்ட்வேர் கோடு எழுதுறவர். இதைச் சொன்னா "எந்த வண்டி ஓட்டுறார்?"ம்பாங்க.

அதே மெஷினைத்தான் என் தம்பியும் தூக்கிக்கிட்டு அலைஞ்சான். இவனோடதுல பழைய பேட்டரி, மத்தியானம் ஆனா பொட்டுனு அணைஞ்சிடும். "ராத்திரி சார்ஜ் போடாம தூங்கிட்டே"னு சூப்பர்வைசர் திட்டுவார். இவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியும் நம்பலை. இன்னொரு தடவை அணைஞ்சா வீட்டுக்குப் போயிடுன்னுட்டார்.

"மாமா, நீங்கதானே இதுக்குக் கோடு எழுதுறீங்க? கொஞ்சம் பாருங்களேன்"னு வந்து நின்னான்.

இவர் பாத்தார். "சும்மா இருக்கும்போது ஸ்கேனரைத் தூங்க வைக்கிற கோடு இருக்கு. அதைச் சுத்தி வேலி மாதிரி ஒரு கண்டிஷன், பவர் சேமிக்கிற ஆப்ஷன் போட்டிருந்தா மட்டும் இதை மெஷின் பாஷைக்கு மாத்து, கம்பைல் பண்ணுன்னு. ஆப்ஷனோட பேரை மாத்தினவங்க இந்த வேலியில மாத்த மறந்துட்டாங்க. பழைய பேர் எங்கயும் இல்லைன்னதும் கம்பைலர் உள்ள எட்டிக்கூடப் பாக்கலை. ஸ்கேனர் பாட்டுக்கு நாள் முழுக்க முழிச்சிருந்து பேட்டரியைத் தின்னிருக்கு."

"அப்ப பேரை மாத்திட்டுப் போங்களேன்!"னேன்.

"இன்னும் எத்தனை டிரைவர்ல இப்படிக் கிடக்கோ! வேலியையே எடுத்துட்டா கம்பைலர் எல்லாத்தையும் படிச்சே ஆகணும். தப்பு இருந்தா அன்னிக்கே கத்தும். தேவையில்லாததை அதுவே கழிச்சுடும்."

கண்ணு பூத்துப்போக உக்காந்து எல்லா வேலியையும் எடுத்தார். இவரோட மேனேஜர், "ஓடுற கோட்ல ஏம்ப்பா கை வைக்கிறே? அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"னு கிடப்புல போட்டார். இவர் தினமும் போய்க் கேட்டுட்டு தொங்கின முகத்தோட திரும்புவார். "சண்டை போடுங்க!"னு நான் கத்துவேன். "போட்டாச்சு"ன்னு சொல்லிட்டுப் படுத்துடுவார்.

அதுக்குள்ள தம்பியோட மெஷின் இன்னொரு தடவை அணைஞ்சுது. அவன் வேலை போச்சு. யாரைத் திட்டுறதுன்னுகூட எனக்குத் தெரியலை.

ஒருவழியா புது சாஃப்ட்வேர் எல்லா மெஷினுக்கும் போய்ச் சேர்ந்துது. நேத்து தம்பி சாப்பிட வந்தான், இன்னும் வேலை கிடைக்கலை. அவன் வச்சிருந்த மெஷினைப் புதுசா சேர்ந்தவன்கிட்ட கொடுத்திருக்காங்களாம். சாயந்தரம் வரைக்கும் அணையவே இல்லையாம்.

இவர் நிமிர்ந்து உக்காந்தார். "உங்க சூப்பர்வைசர் என்ன சொல்றாராம்?"

தம்பி தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னான். "பாத்தீங்களா, இவன் ஒழுங்கா சார்ஜ் போடுறான்னு எல்லார்கிட்டயும் சொல்றாராம், மாமா."