முன்சக்கரத்தில் ஒரு முனகல்

கராஜ் வேலையில் உடைந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். உடையப் போவதைக் கண்டுபிடிப்பதற்குள்தான் பாதித் தலைமுடி கொட்டிவிடும். அதிலும் சத்தம் என்று ஒரு வியாதி இருக்கிறது. டிரைவர் ஓட்டும்போது வரும், நாம் ஏறி உட்கார்ந்தால் வராது. ஸ்பேனர் பிடிக்கும் சகோதரர்களே, வண்டியோடு மல்லுக்கட்டும் டிரைவர்மாரே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். லிந்துலை டவுனில் பதினான்கு வருஷமாக வண்டி பார்க்கிறேன். அதில் ஒரு வாரத்தை மட்டும் சொல்கிறேன்.

வாய் மூடிய பாட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறியை ஓட்டுகிறவர் செல்வம் அண்ணன். காலையில் ஆட்களைத் தூர மலைக்கு ஏற்றிப் போவார். பிறகு கொழுந்துச் சாக்கோடு ஃபெக்டரிக்குத் திரும்புவார். ஒரு வெள்ளிக்கிழமை கராஜுக்குள் வந்து, "முன்னால ஒரு சத்தம் பாஸ்" என்றார். இங்கே ஸ்பேனர் பிடிக்கிற எல்லாருமே பாஸ்தான்.

என்ன சத்தம் என்று கேட்டேன். டக் டக்கா? இல்லை. கிரீச்சா? இல்லை. கடகடவா? அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த சத்தத்தையெல்லாம் வாயால் போட்டுக் காட்டினேன். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். செல்வம் அண்ணன் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "யாரோ வாய மூடிக்கிட்டு பாடுற மாதிரி பாஸ். பாட்டு என்னான்னு தெரியல, ராகம் மட்டும் வருது."

டயர் மேல் பழி

ஓட்டிப் பார்த்தோம். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு உருளவிட்டேன். 'ம்ம்ம்' என்று மெலிதாகக் கேட்டது. அப்படியானால் எஞ்சின் இல்லை என்று கழித்துவிட்டேன். ஜக் போட்டு இரண்டு முன்சக்கரத்தையும் தூக்கி, கையால் சுழற்றி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை, கரகரப்பும் இல்லை. டயரைத் தடவினால் மட்டும் அங்கங்கே மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். தூக்கிவைத்த சக்கரத்துக்குப் பாரம் கிடையாது, பாரம் இல்லாவிட்டால் அதற்குள்ளே இருக்கும் பெயாரிங் நல்ல பிள்ளை போலத்தான் சுழலும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்து ஆபிஸில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு புது டயர் வாங்க வைத்தேன். ஃபெக்டரி முற்றத்திலேயே மாற்றி, அங்கேயே இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். 'ம்ம்ம்' கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்? கொழுந்தை வாட்டுகிற பெரிய காத்தாடிகள் அங்கே ராப்பகலாக ஓடுகின்றன. அந்த ஃபெக்டரிக்குக் கீழே இருக்கும் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் நான், இன்றும் குடி அங்கேதான். எனக்கு அந்த இரைச்சல் கேட்டால்தான் தூக்கம் வரும். லொறியின் முனகலும் அதே சுருதி என்று யார் கண்டது? "சரியாப் போச்சுண்ணே" என்று சாவியைக் கொடுத்தேன்.

பழைய டயர்களைக் கராஜுக்கு எதிரே இருக்கும் நஸீர் நானாவின் டயர் கடையில் போடப் போனேன். புது டயர் கொடுத்தவரும் அவர்தான். பழையதை உருட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "இது இன்னம் ஆறு மாசம் ஓடும் தம்பி. டயர் விக்கிறவன் வாயால அதச் சொல்ல ஏலுமா? அதான் நேத்து பேசாம இருந்தேன்."

பாதத்தில் ஏறுது

என் மனைவி ஸ்டெல்லா அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். தூர மலைக்கு ஆள் போகிற நாளில் அந்த லொறியில்தான் போவாள். அவளுடைய இடம் முன்பக்கம், டிரைவரின் தலைக்குப் பின்னால் இருக்கும் கம்பியோரம், இடது மூலை. பலகை வழுக்கும் என்று செருப்பைக் கழற்றிக் கூடைக்குள் போட்டுவிட்டு, வெறுங்காலோடு நிற்பாள்.

டயர் மாற்றிய இரண்டாம் நாள் சாயந்திரம், அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: "என்னங்க, அந்த லொறி இன்னும் மொனகுதுங்க. எடது பக்கம், முன்னுக்கு. பாதத்துல ஏறுது."

"புது டயரு அப்படித்தான். பழகணும்."

"கோயில் வளைவுல கூடுது. பங்களா வளைவுல கொறையுது. டயருன்னா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதான இருக்கணும்?"

சத்தம் கேட்டே பிழைக்கிறவனுக்கு, மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே ஒருத்தி பாடம் எடுத்தால் ரோசம் வராதா? வந்தது. "கராஜ நான் பாத்துக்கிறேன், நீ கொழம்பப் பாரு" என்றேன். சாப்பிட உட்கார்ந்ததும், உப்பு பத்தவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். ஸ்டெல்லா உப்புச் சிரட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "டயரு பழகுறதுக்கு என் காலு ஏங்க ஆடணும்?"

கரண்ட் போன நேரம்

அடுத்த நாள் போயா, பௌர்ணமி லீவு. கராஜ் பூட்டு. ஆனால் மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்ததால், ஒன்றரைப் பேர், அதாவது ஒன்றரை நாள் சம்பளம், போடுகிறோம் என்று தோட்டத்தில் ஆள் கூப்பிட்டிருந்தார்கள். பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து நாற்பது பேரோடு லொறி கிளம்பியது. ஸ்டெல்லாவும் அதில் இருந்தாள். நான் சாரத்தோடு வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

பட்டென்று கரண்ட் போனது. காத்தாடிகள் மெல்ல மெல்ல அடங்கி நின்றன. ஜெனரேட்டரைக் கிளப்பும் வரை ஐந்து நிமிஷம் தோட்டமே காது கேட்காதது மாதிரி ஆகிவிடும். பீலிக்கரையில் தண்ணீர் விழுவது கேட்டது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. அப்புறம், 'ம்ம்ம்'.

காத்தாடிதான் நின்றுவிட்டதே! சத்தம் கீழே ரோட்டிலிருந்து வந்தது, நகர்ந்துகொண்டே போனது. கோயில் வளைவில் லொறி வலப்பக்கம் திரும்பியபோது அந்த முனகல் ஏறியது. பங்களா வளைவில் இடப்பக்கம் திரும்பியபோது இறங்கியது. வலப்பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் இடது சக்கரத்தின் மேல் விழும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லித் தந்த விஷயம். இடது முன்சக்கரத்துப் பெயாரிங். அவள் சொன்ன அதே இடம்.

பங்களா வளைவைத் தாண்டினால் நான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் ஆறு வரைக்கும் பள்ளம். அங்கே பெயாரிங் பிடித்துக்கொண்டாலோ, சக்கரம் கழன்றாலோ நாற்பது பேரும் ஆற்றில்தான். செல்வம் அண்ணனுக்கு போன் போட்டேன், சிக்னல் இல்லை. ஸ்டெல்லாவுக்குப் போட்டேன். அவளுடைய போன் எங்கள் அடுப்படித் தட்டிலேயே அடித்தது.

லொறி சுற்றிச் சுற்றி இறங்கும். கொழுந்து மலைக்குள் நேராக இறங்குகிற குறுக்குப் பாதை ஒன்று உண்டு. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பீலிக்கரையில் குடத்தோடு நின்ற எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் மாரிமுத்து என்னைப் பார்த்துக் கத்தினான்: "என்னண்ணே, கரண்ட் போனதுக்கா இந்த ஓட்டம்?"

நாலு வளைவு

இரண்டு இடத்தில் விழுந்தேன். தேயிலைச் செடியின் மிளாறுக் குச்சி காலைக் கிழித்தது. முதல் வளைவுக்கு மேல் வரும்போது முனகல் கேட்டது. இரண்டாவது வளைவுக்கு மேல் வரும்போது அதோடு ஒரு கரகரப்பும் சேர்ந்திருந்தது. மூன்றாவது வளைவை நெருங்கும்போது எதுவுமே கேட்கவில்லை. மாதாவே என்று கத்தினேனா, மனதுக்குள் சொன்னேனா, தெரியாது. அந்த அமைதியைப் போல என்னை எதுவும் பயமுறுத்தியதில்லை.

மேட்டிலிருந்து ரோட்டில் குதித்தேன். வளைவுக்குப் பத்தடி முன்னால் லொறி நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்திருந்தார்கள். ஆட்கள் மண் மேட்டோரம் இறங்கி நின்றார்கள். ஸ்டெல்லா லொறிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளைப் பார்த்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் நின்ற பலகை காலைச் சுடுவது போல அதிர்ந்ததாம். லொறிக் கூரையை இரண்டு கையாலும் அறைந்து நிறுத்தச் சொன்னாளாம். செல்வம் அண்ணன் இறங்கிச் சத்தம் போட, "நீங்க ஓட்டுங்க, நாங்க நடக்குறோம்" என்று எல்லாரையும் இறக்கிவிட்டாளாம். நான் எழுந்துபோய் இடது முன்சக்கரத்தின் ஹப்பில் கைவைக்கப் போனேன். கிட்டப் போகும்போதே அனல் அடித்தது. ஒருத்தரிடம் போத்தலை வாங்கி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுர்ரென்று ஆவியாகிப் போனது. பிறகு கழற்றியபோது பெயாரிங்கின் குண்டுகள் நொறுங்கி மண்ணாகக் கொட்டின. அடுத்த வளைவு வலப்பக்க வளைவு.

செல்வம் அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. "சரியாப் போச்சுன்னு சாவிய குடுத்தீங்களே பாஸ்" என்றார். ஸ்டெல்லாவிடம் போனேன். அழுகைதான் வந்தது. அவள் கூடையிலிருந்து செருப்பை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டே, நாற்பது பேரும் கேட்கும்படி சொன்னாள்: "நாப்பது உசுரு ஏறிப்போற வண்டி மொனகுறது காதுல விழல. கொழம்புல உப்பு கொறஞ்சது மட்டும் ஒடனே தெரியுது."

அன்றிலிருந்து முனகுகிறது என்று எந்த வண்டி வந்தாலும், ஜக் போடுவதற்கு முன்னால் அதில் வெறுங்காலோடு நின்று வந்தவர்கள் யார் என்று விசாரிக்கிறேன், வீட்டில் குழம்பு எப்படி இருந்தாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.