கழற்றாமல் விட்ட சீட்

அந்த மோட்டார் சைக்கிளின் சேஸி உளுத்துப்போயிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "நல்ல வண்டி, எடுங்க" என்று சொன்னேன். என் சொல்லை நம்பி அதை வாங்கிய மனிதரின் மனைவி நான்கு மாதத்தில் மௌத்தாகிப் போனாள்.

இதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். என் முகம் உங்களுக்குத் தெரியாது, என் கராஜுக்கு நீங்கள் வரப்போவதும் இல்லை... அந்தத் தைரியத்தில்தான் வாய் திறக்கிறேன். இதிலும் கோழைத்தனம்தான், பாருங்கள்!

முந்தலுக்கும் மதுரங்குளிக்கும் இடையில் பிரதான வீதியோரம் என் கராஜ். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவது இந்தப் பக்கத்தில் வழக்கம். புது வண்டி இறக்குமதி நின்றுபோன காலத்தில் பழைய இரும்புக்கெல்லாம் கிராக்கி வந்தது; என் பேச்சுக்கும் சேர்த்தே வந்தது. மெக்கானிக்கை இங்கே பாஸ் என்பார்கள். "பாஸ் பாத்துட்டாரா?" என்று கேட்ட பிறகுதான் கனமூலை ஊரில் கூடப் பேரம் படியும். எனக்கு அதில் எவ்வளவு பெருமை!

நீங்களும் என்றாவது பழைய வண்டி பார்க்கப் போவீர்கள். அப்படியானால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் லேசில் ஸ்டார்ட் ஆகாது என்பதை மறைக்க விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார். புகை நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது. வண்டிப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தையும் சேஸியில் வெட்டியிருக்கும் இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். இதையெல்லாம் எந்த ஊர் பாஸும் சொல்வார்.

எங்கள் கரையில் உப்பு என்று ஒன்று இருக்கிறது. கடல்நீர் நிற்கும் களப்போரத்திலும் இறால் பண்ணை வரம்புகளிலும் ஓடிய வண்டியை உப்புத் தண்ணீர் உள்ளே இருந்து தின்றுவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும். சீட்டைக் கழற்றிப் பார்த்தால்தான், பின்பாரம் முழுவதும் இறங்குகிற இடத்தில் சேஸிக் குழாய் பொருக்குப் பொருக்காக உதிர்வது தெரியும். ஓட்டையில் பட்டி அப்பி, பெயின்ட் அடித்து, கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுவார்கள். அதனால் நான் எப்போதும் காற்சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பேன். பட்டி அப்பிய இடத்தில் காந்தம் பிடிக்காது, வழுக்கி விழும். அந்தக் காந்தத்தால் எத்தனையோ பேரை நட்டத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். பொய்யில்லை.

அந்த வண்டி என் தங்கை ரிஸானாவின் கணவனுடையது. மச்சான் பர்ஸான் அதில் ஐந்து வருடம் இறால் தீன் மூட்டை ஏற்றினான். இறாலுக்கு நோய் விழுந்து பண்ணையை மூடியபோது வேலை போயிற்று. கட்டாருக்குப் போக வேண்டும், வண்டி விற்றால்தான் பயணம் சரிவரும். தங்கை என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"நாநா, நீங்க ஒரு ஒட்டுப் போட்டு விடுங்க. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. அவர் போகாட்டி நாங்க எப்பிடி இரிக்கிறது?"

போட்டேன். என் கையாலேயே போட்டேன்! துரு தின்ற இரும்பில் ஒட்டு நிற்காது என்பது வெல்டிங் பிடித்த எவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். பட்டியும் நான்தான் அப்பினேன், கறுப்புப் பெயின்டும் நான்தான் அடித்தேன்.

யாரோ தூரத்து ஆள் வாங்கிப் போவான் என்று நினைத்தேன். முகம் தெரியாத ஒருவன் விழுந்தால் பரவாயில்லை என்றுதானே அதற்குப் பொருள்? இப்போது கேட்கிறேன். அன்று என்னை நானே கேட்கவில்லை.

வந்தவர் நிஸாம் நாநா. தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, உம்மாவின் இடுப்பில் இருந்தபடி புத்தளத்துக்கு வந்தவர். துணி வியாபாரம். மூட்டையைக் கட்டிக்கொண்டு எலுவன்குளம் வரைக்கும் வீடு வீடாகப் போவார். மனைவி ஸரீனாவும் கூடவே போவாள். அவள் போனால்தான் வீட்டுப் பெண்கள் உள்ளே கூப்பிட்டுத் துணி விரித்துப் பார்ப்பார்கள். ஆகவே அந்த வண்டியில் இரண்டு பேரும் ஒரு மூட்டையும் ஏறும், அத்தனை பாரமும் என் ஒட்டுக்கு மேலே விழும். இது எனக்குத் தெரியாமல் இருந்ததா? இல்லையே...

"தம்பி, உன்ட மச்சான்ட வண்டியாமே. நீ ஓம் எண்டு சொன்னா எடுக்கிறன்" என்றார்.

பார்க்கப் போனோம். ஸரீனாவும் வந்திருந்தாள். நான் காந்தத்தை எடுத்தேன். டாங்கில் வைத்தேன், பிடித்தது. மட்காட்டில் வைத்தேன், பிடித்தது. அவர் ஒவ்வொரு முறையும் தலையாட்டினார். நல்ல பாஸ் வேலை செய்கிறார் என்று அவருக்குத் திருப்தி.

"சீட்டைக் கழட்டிப் பாப்பமா?" என்று அவரே கேட்டார். அவரே கேட்டார்!

"வேணாம் நாநா. வயரெல்லாம் பழசு, கிளறினா கரைச்சல்" என்றேன்.

என் குரல் நடுங்கவே இல்லை. பிறகு பின் டயரைக் காட்டி, "இது தேஞ்சி போச்சி. முதல் வேலையா மாத்திருங்க. மழைக்கு வழுக்கும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏன் சொன்னேன் தெரியுமா? சின்னக் குறையைச் சொல்கிற மனிதன் பெரிய குறையை மறைக்க மாட்டான் என்று எல்லோரும் நம்புவார்கள். இத்தனை வருடத் தொழிலில் நான் கற்ற வித்தையை அவர்மீது பிரயோகித்தேன்.

"தம்பி பாத்துச் சொன்னா சரிதானே, எடுங்க" என்று ஸரீனா சிரித்தாள்.

பெருநாள் வியாபாரம் முடியட்டும், டயரை அப்புறம் மாற்றலாம் என்று அவர் தள்ளிப்போட்டார். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு எலுவன்குளம் பாதையில், ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது சேஸி இரண்டாக முறிந்தது. டயரோடு பின்சில்லு ஒரு பக்கம் போனது. ஸரீனாவின் தலை மதகுக் கல்லில் மோதிற்று; அங்கேயே உயிர் போயிற்று. அவருக்குத் தோள் எலும்பு மட்டும்தான் உடைந்தது. தூறல் விழுந்து பாதை நனைந்திருந்ததாம். வழுக்கியதாக எல்லோரும் பேசினார்கள். விழுந்த வேகத்தில் சேஸி முறிந்ததாகப் பேசினார்கள்.

சில வாரம் கழித்து, வண்டியை என் கராஜுக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். வேறு எங்கே கொண்டுபோவார்கள்? முறிந்த வாயைப் பார்த்தேன். என் ஒட்டு அப்படியே முழுசாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த இரும்புதான் கிழிந்திருந்தது.

நிஸாம் நாநா கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். முறிவைப் பார்க்கவே இல்லை. தேய்ந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டயர்தானே தம்பி?"

உண்மையைச் சொல்ல ஒரு கணம் கிடைத்தது. அல்லாஹ் அறிய, கிடைத்தது! என் நாக்கு எதைச் சொல்லிற்று?

"ஓம் நாநா. டயர்தான்."

அவர் தரையில் குந்திவிட்டார். ஆண்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அன்று பின்னேரமே அந்தச் சேஸியைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

முதல் குற்றத்துக்குத் தங்கை, மச்சான், வறுமை என்று ஏதாவது சாட்டுச் சொல்லலாம். இரண்டாவதற்கு என்ன சொல்வேன்? அதை நான் எனக்காகவே செய்தேன். "பாஸ் பாத்துட்டாரா" என்கிற அந்தப் பேருக்காகச் செய்தேன். ரிஸானாவுக்கு எல்லாம் தெரியும். ஸரீனாவின் பேச்சு வந்தால் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். மச்சான் கட்டாரிலிருந்து கதைக்கும்போது வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. எங்கள் குடும்பமே நல்ல குடும்பம்!

நிஸாம் நாநாவுக்கும் ஸரீனாவுக்கும் ஒரு மகள், ஹஸ்னா. பதினாறு வயது. டயரை மாற்றச் சொல்லியும் வாப்பா மாற்றவில்லை என்று எவரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் வாப்பாவோடு கதைப்பதில்லை. சமைத்து மூடி வைப்பாள், அவர் தின்றுவிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைப்பார். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் இதுதான் நடக்கிறது.

நோன்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, அஸர் தொழுகைக்குப் பிறகு நிஸாம் நாநா கராஜுக்கு வந்தார். "நீ வந்து அவளுக்கு ரெண்டு சொல்லு சொல்லு தம்பி. உன்ட கதைய அவள் கேப்பாள்" என்றார். போகும் வழியெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடுவேன், அந்தப் பிள்ளையின் முன்னாலேயே சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

ஹஸ்னா கதிரை எடுத்துப் போட்டாள். எனக்கு மட்டும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் வாய் திறக்கும் முன் அவளே கேட்டாள்.

"மாமா, நீங்க டயர மாத்தச் சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன் மகள்..."

"அது போதும் மாமா."

உள்ளே போய்விட்டாள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். நம்புவீர்களா? கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

நிஸாம் நாநா வாசற் கடப்பு வரைக்கும் கூட வந்தார். நோன்புக்கு முன் ஆளுக்காள் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லி, கைபிடித்துக் கேட்பது. அவர் என் வலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இடது தோள் இன்னும் சரியாக உயரவில்லை.

"நீ படிச்சிப் படிச்சிச் சொன்னாய். நான்தான் கேக்கல்ல. உன்ட பேச்சத் தட்டினதுக்கு எனக்கு மாப்புத் தா தம்பி."

நான் கேட்கவேண்டியதை அவர் என்னிடம் கேட்டார்! அந்த இடத்தில் பூமி பிளந்திருக்கக் கூடாதா? பிளக்கவில்லை. வீதியில் பஸ் ஒன்று புத்தளம் பக்கம் போனது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"மாப்புத் தந்தேன் நாநா" என்றேன்.