ஏற்றத்தில் மட்டும் வரும் நோய்

கல்வராயன் மலைமேல் வீடு உள்ள ஓட்டுநர் ஒருவர், தன் பழைய ஜீப்போடு கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் மெக்கானிக் கடைக்கு வந்தார். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார், சாயங்காலம் ஏறுவார். ஏறும்போதுதான் வம்பு. பாதி மலையில் இஞ்சின் இழுக்க மாட்டேனென்று முக்கும். அவர் மனைவிக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது.

“ராவுல வலி எடுத்தா வண்டி மேல இருக்கணும்க்கா. நடுவழியில நின்னுக்கினு இருந்தா நா இன்னா பண்ணுவேன்?”

இஞ்சினுக்கு எவ்வளவு டீசல் என்று கட்டளையிடும் எலக்ட்ரானிக் பெட்டியில்தான் கோளாறு. அந்தப் பெட்டியை இப்போது யாரும் செய்வதில்லை. இருப்பதன் மண்டைக்குள் புகுந்து பார்ப்பதுதான் வழி. சிப்பைக் கழற்றி, உள்ளே இருந்ததை லேப்டாப்பில் இறக்கினேன். வெறும் எண்கள். எது சூட்டைப் படிக்கிறது, எது டீசலைக் குறைக்கிறது என்று விளக்கம் கிடையாது. முகம் தெரியாத யாரோ என்ன நினைத்து இப்படி எழுதினார் என்று நாமே ஊகிக்க வேண்டும். எனக்கு இந்த வேலையில் பைத்தியம். சோறு ஆறிப்போகும், வீட்டில் திட்டு விழும், எழுந்திருக்க மனசு வராது.

பெட்டியின் நினைவில் இருந்த பிழைகளைத் துடைத்துவிட்டு, மடியில் லேப்டாப்போடு கச்சிராயபாளையம் வழியாக மலையேறிப் பார்த்தேன். ஜீப் ஜம்மென்று ஏறியது! திரும்ப பஸ் பிடித்து இறங்கினேன். மறுநாள் சாயங்காலம் மறுபடி முக்கல். மறுபடி துடைத்துவிட்டு இன்னொரு முறை போனேன். மறுபடி ஜம்மென்று ஏறியது.

“நீங்க ஒக்காந்தா மட்டும் புது மருமவ மாதிரி அடக்கமா வருதுக்கா” என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபத்தோடு எண்களுக்குத் திரும்பினேன். ஓரிடத்தில் ஒரு சோதனை இருந்தது. சக்கரம் ஓடுகிறது, ஆனால் இஞ்சின் சுற்றவில்லை என்றால், சுற்றை அளக்கும் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, நினைவைத் துடைக்கும்வரை பலத்தைப் பாதியாக்கி வைக்கிறது. இஞ்சின் சுற்றாமல் வண்டி எப்படி ஓடும்? யோசித்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. அட கடவுளே! நான் ஏற்றத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். இறக்கத்தில் நான் அந்த ஜீப்பில் இருந்ததே இல்லை.

“எறங்கும்போது கியரை எடுத்துட்டு இஞ்சினை அணைச்சு வுடறியா?”

“டீசல் மிச்சம்க்கா. எல்லாரும் அப்டித்தான் வுடுவாங்க. அணைச்சதும், ஸ்டியரிங் பூட்டிக்காம சாவிய மட்டும் மறுபடி திருப்பி வெச்சுக்குவோம்.”

நன்றாகத் திட்டினேன். இனிமேல் செய்யவே மாட்டேன் என்றார். நினைவைத் துடைத்து அனுப்பினேன். நாலு நாள் கழித்து மறுபடி வந்து நின்றார். “கை தானா போயிடுதுக்கா. அந்தச் சோதனைய அழிச்சுடுங்களேன்.”

அழிப்பது எனக்குச் சுலபம். எழுதியவர் நம் மலையைப் பார்த்திருக்க மாட்டார், அவர் கவலை சென்சாரைப் பற்றித்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கடைசியில் பிள்ளைத்தாய்ச்சியை நினைத்துக்கொண்டேன். ராத்திரி வண்டி மேலே நிற்கட்டும் என்று அந்தச் சோதனை இல்லாத புது சிப் எழுதி வைத்தேன்.

அதை வாங்க வந்த அன்று, ஆஸ்பத்திரிக்குக் காட்டுவதற்காக மனைவியும் ஜீப்பில் கூட வந்திருந்தாள். ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தவள், “இன்னாக்கா கோளாறு?” என்று கேட்டாள். இறக்கத்தில் அணைப்பதையும், அதைப் பிடிக்கும் சோதனையை நான் அழித்ததையும் சொன்னேன்.

“இஞ்சின் அணைஞ்சா பிரேக்கு புடிக்குமா?”

“ரெண்டு மூணு மிதிக்குப் புடிக்கும். அப்புறம் கல்லு மாதிரி ஆயிடும், பலங்கொண்டு அழுத்தணும்.”

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. புருஷனைப் பார்த்தாள்.

“இன்னிக்குமா அணைச்ச? நா வுள்ள ஒக்காந்துக்கினு இருக்கறப்பவா?”

அவர் கையிலிருந்த சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் என் கண்ணுக்குள் வந்து நின்றன.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அழிக்காதீங்கக்கா. அது அப்டியே இருக்கட்டும். எறக்கத்துல இவரு அணைச்சா, சாயந்தரம் வண்டி ஏறமாட்டாம முக்கும் இல்ல? சத்தத்த வெச்சே எனக்குத் தெரிஞ்சு போயிடும்.”

“அப்ப நா மாட்டிக்குவனே” என்றார் அவர் பரிதாபமாக.

“மாட்டிக்கணும்னுதான்” என்றாள்.

நான் பழைய சிப்பை அப்படியே விட்டு, நினைவை மட்டும் துடைத்துக் கொடுத்தேன்.